எம்.எஸ்சி. கணிதத்துக்குப் பிறகு பிஎச்.டி.க்கு எங்கே விண்ணப்பிப்பது?

எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் ஆரம்பித்ததுமே பட்டியல் போட உட்கார்ந்துவிட வேண்டும். கோவை, ஈரோடு, சேலம் பக்கம் ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறவர்கள் நிறையப் பேர். அதற்குள் ஜனவரியில் நடக்கும் என்.பி.எச்.எம். (தேசிய உயர்கணித வாரியம்) உதவித்தொகைத் தேர்வும், பெரும்பாலும் டிசம்பரோடு முடிந்துவிடும் அமெரிக்க விண்ணப்பங்களும் கைநழுவி, ஒரு வருடம் வீணாகிறது.

நாங்கள் முதலில் முடிவு செய்தது பிரிவைத்தான். இயற்கணிதமோ இடவியலோ எண் கோட்பாடோ, எதன் பயிற்சிக் கணக்குகளோடு விடையைப் பார்க்காமல் நாள்கணக்கில் மல்லுக்கட்ட முடிகிறதோ அதுவே நம் பிரிவு. அதில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் பெயரைப் போட்டுக் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளைப் பாருங்கள். கணிதக் கட்டுரைகளின் அட்டவணையான இசட்பி-மேத் (zbMATH) தளம் 2021 முதல் இலவசம். எந்த இதழில் என்ன வெளிவந்தது என்று அங்கே தெரியும். யார் யாரிடம் ஆராய்ச்சி செய்தார்கள் என்று காட்டும் மேத்தமேடிக்ஸ் ஜீனியாலஜி தளத்தில் அந்தக் கைடிடம் பிஎச்.டி. முடித்தவர்களின் பெயரும் வருடமும் கிடைக்கும். அந்தப் பெயர்களையும் தேடுங்கள். பட்டம் வாங்கிய பிறகும் அவர்கள் கட்டுரை எழுதுகிறார்களா என்பதைவிட நம்பகமான சான்று கைடைப் பற்றிக் கிடைக்காது. ஒரு துறையில் நம் பிரிவுக்கு ஒரே ஆள்தான் என்றால் யோசிக்க வேண்டும். அவர் வேறிடம் போய்விட்டால் நம் பாடு திண்டாட்டம்.

பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களை நினைப்பவர்கள் இடம் காலியா என்று கைடிடமே கேட்டுவிடுங்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பேரைத்தான் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகையை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அந்தத் தேர்வின் 200 மதிப்பெண்ணில் 95 சி பகுதியில் இருக்கிறது. அங்கே ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம். எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறுவது இங்கேதான். தரமணி ஐ.எம்.எஸ்சி. (கணித அறிவியல் நிறுவனம்) போன்ற இடங்களுக்கு என்.பி.எச்.எம். தேர்வு வழி, சிறுசேரி சி.எம்.ஐ. (சென்னை கணிதவியல் கழகம்) தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது.

நேர்காணலில் தேற்றத்தை ஒப்பிப்பதால் பயனில்லை. “வரம்புள்ள தொடர்ச்சியான சார்பு எல்லாம் சீரான தொடர்ச்சி உடையதா?” என்ற மாதிரி கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் போதாது. sin(x²) என்ற சார்பைப் போர்டில் எழுதி, எக்ஸ் பெரிதாகப் பெரிதாக அதன் பூஜ்யப் புள்ளியும் அடுத்த உச்சியும் நெருங்கிக்கொண்டே போக, மதிப்பின் வித்தியாசம் மட்டும் ஒன்றாகவே நிற்பதைக் காட்ட வேண்டும்.

வெளிநாட்டுக்கு வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். “ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார்” என்று எழுதிய கடிதத்துக்கு அங்கே எடை இல்லை. எம்.டி.டி.எஸ். (MTTS) என்ற கணித முகாம் மாதிரியான கோடைப் பயிற்சியில் நாம் கணக்குப் போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் எழுதினால் அதன் கதையே வேறு. கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

பெருந்துறை, திருச்செங்கோடு பக்கம் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்கிறவர்களும் உண்டு. அதற்கு நிர்வாகத்தின் தடையில்லாச் சான்று கட்டாயம். ஆராய்ச்சிக்கு நேரம் ஒதுக்கித் தருவதாக அதில் எழுதியிருக்க வேண்டும். அதைக் கையில் வாங்கிய பிறகே கைடிடம் பேசுங்கள்.