படத்தைத் தொட்டு உள்ளே வருபவர்கள்

மதுரையில் எந்தத் தையல் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இதைப் பார்க்கலாம். ஜாக்கெட் துணியோடு வருகிற பெண் போனை எடுத்து நீட்டி, "அண்ணே, பின்கழுத்து இந்த மாதிரி வேணும்" என்பார். படம் அநேகமாகப் பின்டரஸ்டில், அதாவது படங்களைத் தேடிச் சேமித்து வைக்கும் தளத்தில், எடுத்ததாக இருக்கும். டெய்லர் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, தையல் எங்கே ஓடுகிறது, கொக்கி முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று தேடுவார். அப்படிப்பட்ட படங்களை எடுத்து ஏற்றுவதும், படத்தைத் தொடுகிறவர்கள் வந்து சேரும் பக்கங்களை எழுதுவதும்தான் என் வேலை. ஜாக்கெட், ஆரி வேலை (கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை), கோலம், சுங்குடிப் புடவை, கொலு, இவைதான் என் சரக்கு. வீட்டுச் செலவில் ஒரு நல்ல பங்கை இந்த வேலை தாங்குகிறது. "போட்டோ போட்டா காசு வருமாமே?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

படத்துக்குக் காசு இல்லை. பின்டரஸ்டிலிருந்து எனக்கு ஒரு பைசா வருவதில்லை. அங்கே நான் வைக்கிற ஒவ்வொரு படத்தோடும் என் தளத்தின் முகவரியை இணைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்தவர் அதைத் தொட்டு என் பக்கத்துக்கு வந்தால், அங்கே கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரங்கள் ஓடும். அந்த விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு எனக்கு வரும். ஆரி ஊசி, வட்டச் சட்டம், மணி, ஜரி நூல் என்று சில பொருட்களை வாங்குவதற்கான இணைப்பும் கொடுத்திருக்கிறேன். அதன் வழியாக யாராவது வாங்கினால் சிறு கமிஷன் கிடைக்கும். இதில் எனக்குக் கமிஷன் உண்டு என்று பக்கத்தின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அது வாசிப்பவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை.

இன்ஸ்டாகிராமில் இருக்கும் தோழிகள் "உனக்கு எத்தனை ஃபாலோயர்ஸ்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பின்டரஸ்டில் அந்தக் கணக்கு அவ்வளவாகப் பேசாது. 2010-ல் அமெரிக்காவில் தொடங்கிய இந்தத் தளத்தை இன்று மாதம் 50 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் ஆளைப் பார்க்க வருவதில்லை, எதையோ தேடி வருகிறார்கள். கல்யாணம் வருகிறது, புடவை எடுத்தாயிற்று, ஜாக்கெட்டுக்கு டிசைன் வேண்டும். வீடு கட்டுகிறார்கள், பூஜை அறைக் கதவு எப்படி வைக்கலாம் என்று பார்க்க வேண்டும். ஏதோ ஒன்றைச் செய்யப் போகிறவர்கள் அவர்கள். அதனால் ஒரு படத்தின் ஆயுளும் அங்கே வேறு. ரீல் ரெண்டு மூன்று நாளில் அடங்கிவிடுகிறது. போன வருஷத்து மார்கழிக்கு ஏற்றிய கோலம் இந்த வருஷ மார்கழியிலும் ஆட்களைக் கூட்டி வருகிறது. இதற்கு விலையாக முதல் சில மாதங்கள் ஒன்றுமே நடக்காது. அந்த மாதங்களைத் தாங்குகிறவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள்.

பின்டரஸ்ட் கணக்கில் முக்கியமாக மூன்று எண்களைப் பார்ப்பேன். எத்தனை முறை படம் கண்ணில் பட்டது, எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் படத்தைத் தொட்டு வெளியே போனார்கள். முதல் எண் லட்சக்கணக்கில் இருக்கும், மனசுக்கு மகிழ்ச்சி கொடுக்கும். சோறு போடுவது மூன்றாவது எண்தான். என் வேலையில் நான் உறுதியாக நம்புகிற விஷயம் இதில்தான் இருக்கிறது. ஒரு படம் பார்க்கிறவர் மனசில் "இதை எப்படிச் செய்வது?" என்ற கேள்வியை எழுப்ப வேண்டும். அந்தக் கேள்விக்கு நேர்மையான, முழுமையான பதில் அடுத்த பக்கத்தில் இருக்க வேண்டும். வருமானம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலர்ப்பொடி தூவிய ரங்கோலிப் படத்தை ஏராளமானவர்கள் சேமிப்பார்கள், தொட்டு உள்ளே வருகிறவர்கள் மிகக் குறைவு. பார்த்ததும் புரிந்துவிடுகிறது, அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. சிக்குக் கோலம் அப்படியில்லை. முடித்த கோலத்தைப் பார்த்துக் கம்பி எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று கண்டுபிடிப்பது பழகிய கைக்கே சிரமம். "15 புள்ளி, 8 முடிய, ஊடுபுள்ளி" (நடு வரிசையில் 15 புள்ளி, அடுத்தடுத்த வரிசைகளில் இடைவெளிக்கு நேரே ஒவ்வொன்றாகக் குறைத்து 8 வரை) என்று படத்தின் மேலேயே எழுதி, பக்கத்தில் புள்ளி மட்டும் வைத்த படம், முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்று படிப்படியாகக் கொடுத்தால் வருகிறவர்கள் கடைசி வரைக்கும் பார்க்கிறார்கள். மார்கழியில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் என் தளத்தில் கூட்டம் ஏறும். விடிந்தால் வாசலில் போட வேண்டிய கோலத்தை நோட்டில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிற பெண்கள் அவர்கள். அவர்களுக்குப் புள்ளிக் கணக்கு ஒன்று தப்பினாலும் மறுநாள் காலை வீணாகிவிடும். அதனால் எங்கள் தெருவில் கோலத்துக்குப் பேர் போன ஒரு மதினி தரையில் போட்டுக் காட்டிய பிறகுதான் எந்தக் கோலத்தையும் ஏற்றுவேன்.

ஜாக்கெட் பக்கங்கள்தான் எனக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுக்கின்றன. அதற்குக் காரணம் தெற்கு மாசி வீதிப் பக்கம் கடை வைத்திருக்கிற ஒரு டெய்லர் அண்ணன். படம் எடுக்கப் போனால் அவர் வேலையை நிறுத்த மாட்டார், பேச்சையும் நிறுத்த மாட்டார். ஒரு நாள் பானைக் கழுத்து ஜாக்கெட்டை வெட்டிக்கொண்டே சொன்னார்: "இந்தா பாரு தங்கச்சி, பின்கழுத்து ஒம்பது இஞ்சுக்கு மேல இறங்குச்சுன்னா தோள் நழுவும். மேல ஒரு நாட் வைக்கணும், இல்லைன்னா கழுத்து அகலத்தைக் குறைக்கணும். படத்துல இருக்கிற பொண்ணு அசையாம நிக்கிது. நம்ம வீட்டுப் பொண்ணு கல்யாணத்துல பந்தி பரிமாறும்ல?"

லைனிங் துணியைப் பற்றியும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். லைனிங்கை முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். அப்படியே வைத்துத் தைத்தால், முதல் துவைப்பில் உள்துணி சுருங்கி மேல்துணி உப்பிக்கொண்டு நிற்கும். ஆரி வேலை என்றால் அளவெடுத்துத் துணியில் குறித்து, வெட்டாமல் சட்டத்தில் கட்டி, வேலை முடிந்த பிறகே வெட்டித் தைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதி, குறித்த துணி, சட்டத்தில் கட்டிய துணி, தைத்து முடித்த ஜாக்கெட் என்று மூன்று படம் வைத்தேன். அழகான முடிந்த ஜாக்கெட் படங்கள் பின்டரஸ்டில் கொட்டிக் கிடக்கின்றன. சாக்பீஸ் கோடு போட்ட துணியின் படம் அவ்வளவாகக் கிடையாது. தைக்கத் தெரிந்தவர்களும் கற்றுக்கொள்கிறவர்களும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் உள்ளே வருகிறார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய ஜாக்கெட் படங்கள் வந்து குவிகின்றன. முதல் பார்வைக்குக் கண்ணைப் பறிக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் டாட் பிடித்த இடம், அதாவது உடம்பு வளைவுக்குத் துணியை மடித்துத் தைக்கிற இடம், இருக்காது, கொக்கிப் பட்டி இருக்காது, ஜர்தோசிக் கொடி ஒரு தையலையும் மதிக்காமல் முன்னாலிருந்து பின்னால் வரை ஓடும். இப்படியொரு படத்தோடு கல்யாணப் பெண் ஒருத்தி வந்து நின்றபோது நான் கடையில் இருந்தேன். இதை யாராலும் தைக்க முடியாது என்று அந்தப் பிள்ளைக்குப் புரிய வைக்க அண்ணனுக்கு வெகுநேரம் பிடித்தது. அது முகம் வாடித்தான் போனது. இந்த வகைப் படங்களுக்குப் பின்டரஸ்ட் 2025-ல் தனி அடையாளம் இடத் தொடங்கியது நல்ல காரியம். அவற்றைக் குறைத்துக் காட்டச் சொல்லும் வசதியும் வந்திருக்கிறது. என் தளத்தில் தைக்காத ஜாக்கெட்டுக்கு இடமில்லை. போட்டிக்கு ஈடுகொடுக்க நாளுக்கு ஐம்பது படம் தயாரிக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் படத்தை நம்பித் துணி வாங்கிவிட்டு நிற்கிற பெண்ணுக்கு யார் பதில் சொல்வது?

சுங்குடிப் பக்கத்துக்கும் இதே கதைதான். "மதுரை சுங்குடி" என்று சும்மா படம் போட்டால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் கடைகளில் தொங்குவதில் பெரும்பகுதி அச்சடித்த புடவைதான். சௌராஷ்டிரப் பெண்கள் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த புடவையில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. முடிச்சவிழ்த்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி நிற்கும். இந்தச் சுருக்கத்தைப் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படத்தை வைத்து, "அசலா, அச்சா?" என்று தலைப்புக் கொடுத்தேன். புடவை வாங்கும் முன் அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் வரத்தானே செய்கிறது.

படம் எடுப்பது பெரிய வித்தை இல்லை. மொட்டை மாடியில் காலை வெயில் ஏறுவதற்கு முன் கிடைக்கும் வெளிச்சம், துடைத்த லென்ஸ், இது போதும். 1000-க்கு 1500 பிக்சல், அதாவது உயரவாக்கில் இருக்க வேண்டும். தலைப்பில் மக்கள் தேடுகிற சொற்கள் இருக்க வேண்டும்.

காலக் கணக்குதான் முக்கியம். பின்டரஸ்டில் மக்கள் ரெண்டு மூன்று மாதம் முன்னாலேயே தேடத் தொடங்கிவிடுவார்கள். படம் ஊன்றிக்கொள்ளவும் அவ்வளவு நாள் வேண்டும். எனக்கு ஆடியில் கொலு, ஐப்பசியில் கோலம் என்றுதான் வருஷம் ஓடுகிறது. மற்ற வீடுகளில் தீபாவளிப் பலகாரம் வேகும்போது நான் பொங்கல் பானைக் கோலத்துக்குப் புள்ளி எண்ணிக்கொண்டிருப்பேன்.

பணம் கைக்கு வருகிற வழியையும் சொல்லிவிடுகிறேன். ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க எண்ணோடு ஒரு தபால் வரும். அதைப் பதிந்த பிறகும், கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் விடுவார்கள். மாதத்தின் 21-லிருந்து 26-க்குள் அனுப்புவார்கள். நடுவில் அமெரிக்க வரிப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். வங்கியில் வெளிநாட்டுப் பணம் எதற்கு வந்தது என்று கேட்பார்கள், விளம்பர வருமானம் என்று காகிதத்தோடு சொன்னால் போதும். சொந்தக்காரர்களிடம் "என் தளத்துல விளம்பரத்தை அமுக்கிவிடுங்க" என்று கேட்கவே கூடாது. அது விதிமீறல், கணக்கே போய்விடும். நல்ல மனசோடு உதவ வருகிற சித்தப்பாக்களுக்கு இதைப் புரிய வைப்பதுதான் கஷ்டம்.

எங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பதும் வருமானத்தை மாற்றும். அதே பக்கத்தை மேலூரில் ஒருவர் பார்ப்பதற்கும் டொரண்டோவில் ஒருவர் பார்ப்பதற்கும் விளம்பரத் தொகை பல மடங்கு வேறுபடும். அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக எழுதுகிறேன். 2018-லிருந்து ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கிறது. ஆங்கிலப் பக்கம் கூடுதலாகச் சம்பாதிக்கிறது என்பது உண்மை. ஆனால் கேள்வி கேட்டு எழுதுகிறவர்கள், திருத்தம் சொல்கிறவர்கள், தைத்து முடித்துப் படம் அனுப்புகிறவர்கள் எல்லாம் தமிழ்ப் பக்கத்து ஆட்கள். அவர்கள் இல்லாவிட்டால் ஆங்கிலப் பக்கத்தில் எழுத எனக்கு விஷயமே இருந்திருக்காது.

"வீட்டிலிருந்தே மாதம் லட்சம்" என்று வாட்ஸ்அப்பில் வகுப்பு விற்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெரிந்த பெண்கள் சிலர் நகையை அடகு வைத்துச் சேர்ந்திருக்கிறார்கள். மற்றவர்கள் எடுத்த படங்களை எடுத்து, மேலே எழுத்தை மாற்றி ஏற்றச் சொல்லிக் கொடுக்கிறார்களாம். அது திருட்டு. என் டெய்லர் அண்ணன் தைத்த ஜாக்கெட் வேறொரு தளத்தில் வேறொரு பெயரோடு நிற்பதைப் பார்த்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. உரிமை கோரிப் புகார் கொடுத்து அதை எடுக்க வைத்தேன்.

கைவேலைக்காரருக்கும் இதில் பங்கு வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. படம் எடுத்த அன்றைக்கே ஒரு தொகை, பக்கத்தில் கடையின் பெயர், போக வழி, எல்லாம் கொடுத்துவிடுவேன். அதன் வழியாக அண்ணனுக்கு வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்களின் ஆர்டர் கிடைக்கிறது. தளங்களின் விதி எப்போது வேண்டுமானாலும் மாறும். கமிஷன் இணைப்புகளைப் பின்டரஸ்ட் 2015-ல் தடை செய்து, அடுத்த ஆண்டே திரும்ப அனுமதித்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் அதை மட்டும் நம்பியிருந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! அதனால்தான் தளத்துக்கு வருகிறவர்களின் மின்னஞ்சலை அவர்கள் சம்மதத்தோடு வாங்கி வைக்கிறேன். பண்டிகைக்கு முன் ஒரு கடிதம் போடுகிறேன்.

இந்த ஆடியில் விளாச்சேரிக்குப் போய் வந்தேன். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த ஊரில் வீட்டுக்கு வீடு கொலு பொம்மை காய்ந்துகொண்டிருந்தது. அச்சில் களிமண்ணை அழுத்தி இரண்டு பாதியையும் ஒட்டுவது, ஒட்டிய கோட்டை ஈரத்துணியால் தேய்த்து மறைப்பது, வர்ணம் பூசுவது, கடைசியாகக் கண் திறப்பது, எல்லாவற்றையும் ஒரு பாட்டியிடம் கேட்டுக் கேட்டுப் படம் எடுத்தேன். "எந்தப் படியில் எந்தப் பொம்மை?" என்பது போன வருஷம் நிறையப் பேர் கேட்ட கேள்வி. வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்டது வேறு: மண் பொம்மையை விமானத்தில் உடையாமல் எப்படிக் கொண்டுபோவது? பாட்டி வைக்கோலையும் பழைய வேட்டித் துணியையும் வைத்துக் கட்டிக் காட்டினார். வைக்கோலைப் பல நாட்டு விமான நிலையத்தில் விட மாட்டார்கள் என்று சொன்னதும், "அப்ப துணியை ரெட்டிப்பாச் சுத்து தாயி, மூக்குக்கும் கைவிரலுக்கும் மட்டும் பஞ்சு வையி" என்றார். அந்தப் பக்கத்தை இந்த வாரம் ஏற்றுகிறேன்.