கனால் து மிடியில் படகுப் பயணம்
தெற்கு பிரான்சின் கனால் து மிடி கால்வாயில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறோம். கரையில் சைக்கிளில் வருபவர்கள்கூட எங்களை முந்துகிறார்கள், அதுவே பிடித்திருக்கிறது.

படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிக்குள் நுழைந்ததும் கதவை மூடுகிறார்கள். கயிற்றை விட்டுக்கொடுத்தபடி நிற்கிறேன். தண்ணீர் வடிய வடிய, பாசி படிந்த ஈரச் சுவர் தலைக்கு மேலே உயர்கிறது. அந்தச் சுவர்கள் வில்லாக வளைந்தவை. நேர்ச்சுவர் மண்ணின் அழுத்தத்தில் சரிந்ததால் இந்தக் கால்வாயை உருவாக்கிய ரிக்கே இப்படிக் கட்டினார். சொந்தப் பணத்தையும் கொட்டி உழைத்தவர், 1680இல் இறந்துவிட்டார். கால்வாய் திறந்தது 1681இல். அநியாயம்!

கரையோர பிளேன் மரங்களைப் பூஞ்சை நோய் தின்கிறது, ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடங்களில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. புதுக் கன்றுகள் பிழைக்க வேண்டும்.

வர விரும்புபவர்களுக்கு: இங்கே வாடகைப் படகை ஓட்ட உரிமம் தேவையில்லை. பெசியே நகரின் ஃபோன்சரான் படிமதகுகளை, அதாவது படிக்கட்டுபோல அடுத்தடுத்து அமைந்த மதகுத் தொட்டிகளைத் தவறவிடாதீர்கள்.