பாகலூர் சாலையில் ஒரு ஞாயிறு

ஓசூருக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகியும் ஊரை நடந்து பார்த்ததில்லை. இன்று காலை கிளம்பிவிட்டேன். பூக்கார அம்மா என்னிடம் தமிழில் விலை சொன்னார், அடுத்தவரிடம் தெலுங்கில், அதற்கடுத்தவரிடம் கன்னடத்தில். எங்கே கற்றீர்கள் என்றேன். "இதென்ன கத்துக்கறது, பொறந்ததுல இருந்து காதுல விழுதே" என்றார். எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது! டீக்கடையில் உருது, சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து வந்த பையன்களிடம் இந்தி.

1970களில் சிப்காட் வந்தது, 2019-ல் ஊர் மாநகராட்சி ஆனது. பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். அங்கே வேலை, இங்கே வீடு என்று வாழ்பவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் சந்திரசூடேஸ்வரர் மலை ஏறினேன். மேலிருந்து பார்த்தால் எங்கும் புது அடுக்குமாடிகள். ராகியும் ரோஜாவும் விளைந்த நிலம் மனையாவது மனதை அழுத்துகிறது. ஏரிகளையாவது விட்டுவைக்க வேண்டும். இத்தனை பேருக்கும் தண்ணீர் வேண்டாமா?

இறங்கும்போது ஒரு வடநாட்டுக் குடும்பம் என்னிடம் வழி கேட்டது. அரைகுறை இந்தியில் சொன்னேன். "நன்றி அண்ணா" என்றது அவர்களுடைய குட்டிப் பெண், தெளிவான தமிழில்.