எங்கள் வீட்டுக் காய் வருகிற தோட்டம்

ஒட்டன்சத்திரத்தில் இறங்கினால் ஆட்டோவுக்கு 400 ரூபாய் கேட்கிறார்கள். தோட்டம் வெறும் ஆறு கிலோமீட்டர்! பேசிப் பேசி 300க்கு ஏறினேன். அந்தப் பக்கம் டவுன் பஸ் இருப்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அநியாயம். 300 ரூபாய் என்றால் எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு வாரக் காய்.

வாரத்துக்கு 350 ரூபாய், 12 வாரத்துக்கு 4,200. அதை விதை போடுவதற்கு முன்பே கட்டிவிட வேண்டும். மதுரையில் 40 வீட்டுக்காரர்கள் இப்படிக் கட்டுகிறோம். என்ன விளைகிறதோ அது சனிக்கிழமை காலையில் பையில் வரும். விளையாவிட்டால் அந்த நஷ்டத்திலும் எங்களுக்குப் பங்கு உண்டு.

போன கார்த்திகை மழையில் தக்காளி மொத்தமும் அழுகி, மூன்று வாரம் கீரையும் பப்பாளிக்காயுமாக வந்தது. "காசு கட்டியும் தக்காளி இல்லையா?" என்று போன் போட்டுக் கேட்டவர்களில் நானும் ஒருத்தி. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார் தோட்டத்து அக்கா. அது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தப் பயணம்.

மூன்று ஏக்கர், ஒரு கிணறு. அண்ணன், அக்கா, ஆத்தா, காலேஜ் படிக்கும் பையன், இவ்வளவுதான் ஆட்கள். நான் போனபோது வெண்டை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தா பழைய முழுக்கைச் சட்டை ஒன்றை என்னிடம் நீட்டி, "போட்டுக்க கண்ணு, சொணை அரிக்கும்" என்றார். வெண்டைச் செடியிலும் காயிலும் இருக்கும் மெல்லிய முள்தான் சொணை. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும்; ஒரு தடவை தவறினால் முற்றி நாராகிவிடும். ஆத்தா நுனியை ஒடித்துக்கூடப் பார்ப்பதில்லை, விரல் பட்டதுமே பிஞ்சா முற்றலா என்று தெரிந்துவிடுகிறது.

முன்பு அண்ணன் எல்லாவற்றையும் மண்டிக்குத்தான் ஏற்றினார். "தக்காளி ஒருநாள் 14 கிலோ பெட்டி 70 ரூபாய்க்குப் போச்சுங்க. பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போக என்ன நிக்கும்? மறுநாள் பறிக்காம மாட்டை விட்டு மேச்சுட்டேன்." இப்போது 40 வீட்டுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டு நடுகிறார். வெண்டையை ஒரேயடியாக விதைக்காமல் 15 நாள் விட்டு விட்டு மூன்று தடவையாக விதைக்கிறார், பையில் தொடர்ந்து காய் இருக்க வேண்டுமே! விதைக்கும் உழவுக்கும் எங்கள் முன்பணம் போதும், வட்டிக்கு வாங்குவதில்லை. விவசாயியும் வீட்டுக்காரர்களும் நேரடியாகச் சேரும் இந்த முறையை ஜப்பானில் 'தெய்கெய்' என்று 1970களிலேயே நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் தொடங்கியது. இங்கே ஒரு நீள நோட்டில் நடக்கிறது.

எந்த பஸ், எத்தனை மணிக்கு என்றெல்லாம் வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விறகடுப்பில் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ளப் பீர்க்கங்காய்த் தோல் துவையல். அந்தத் தோலை இத்தனை நாள் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்! மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மதுரையில் 200 ரூபாய்க்குப் போடும் எந்தச் சாப்பாடும் இதன் பக்கத்தில் நிற்காது.

சாப்பிட்டுவிட்டு அந்த நோட்டைப் புரட்டினேன். கார்த்திகைப் பக்கத்தில் ஆறு வீட்டுக்கு நேராக 'நின்னுட்டாங்க' என்று இருந்தது. என் பேருக்கு நேராகப் பையனின் கையெழுத்தில் 'தக்காளி கேட்டாங்க. பூசணி 1 சேர்த்தது.' அந்தப் பூசணி எனக்கு ஞாபகம் இருக்கிறது. நாலு நாள் கூட்டு வைத்தோம். "வீட்டுக்குன்னு வச்சிருந்ததுங்க" என்றார் அக்கா. எனக்குப் பேச்சே வரவில்லை. அடுத்த 12 வாரத்துக்கான பணத்தை அப்போதே எண்ணிக் கொடுத்தேன். மாசக் கடைசியில் 4,200 பெரிய தொகைதான், சமாளித்துக்கொள்ளலாம்.

கீரையை மட்டும் முந்தின நாளே அறுப்பதில்லை. விடிகாலை மூன்று மணிக்கு டார்ச் அடித்து அறுத்து, ஈரச்சாக்குப் போட்டு மூடி, நாலு மணிக்குக் குட்டியானையில் ஏற்றினார்கள். நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். திரும்ப ஆட்டோ, பஸ் செலவு மிச்சம். ஏழரைக்கு எங்கள் தெருமுனையில் என் பையை நானே இறக்கிக்கொண்டேன். உள்ளே ஒரு கிலோ வெண்டை. சட்டைக் கை மறைக்காத மணிக்கட்டில் சொணை இன்னும் அரித்துக்கொண்டிருந்தது.