82½ பாகை தள்ளிப்போன தொலைநோக்கி

ஆலங்காயத்துக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில், சித்தப்பாவுக்கு ஒரு கொல்லை இருக்கிறது. அங்கே மோட்டார் கொட்டகையை ஒட்டி ஒரு சின்ன அறை கட்டி, 8 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நிறுத்தியிருக்கிறேன். அறையின் தகரக் கூரையைச் சக்கரத்தில் தள்ளித் திறக்கலாம். இதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போனபோது, அதற்கு முன்பே அந்த விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதை அங்கேயும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அந்த இரவின் பதிவுகளால்தான் தெரியவந்தது. மங்கியது எந்த நொடியில் என்று குறிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பதிவால் பயனே இருந்திருக்காது. இதை நான் நன்றாக உணர்ந்தது என் சொந்த அனுபவத்தில், ஒரு மார்ச் மாத இரவில்.

என்னிடம் இரண்டு கணினிகள். கையகல மினி கணினி ஒன்று தொலைநோக்கியின் தூணிலேயே கட்டியிருக்கிறது. தாங்கியை (குழலைச் சுமந்து மோட்டாரால் திருப்பும் அடிப்பகுதி) ஓட்டுவது, கேமராவைக் குளிர்விப்பது, படம் எடுப்பது எல்லாம் அதன் வேலை. இன்னொன்று மடிக்கணினி. பக்கத்து அறையில் உட்கார்ந்து அதன் வழியாக மினி கணினியைப் பார்த்துக்கொள்வேன்.

அன்று நானும் சித்தப்பா மகனும் டபிள்யூ உர்சா மேஜோரிஸ் என்ற இரட்டை விண்மீனைத் தொடர்ந்து படமெடுத்துக்கொண்டிருந்தோம். ஒன்றையொன்று தொட்டபடி சுற்றும் இரண்டு விண்மீன்கள். ஒரு சுற்றுக்கு 8 மணி நேரமும் சில நொடிகளும் ஆகும். ஏறக்குறைய 4 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒன்று மற்றதை மறைக்கும். மங்கல் மிக அதிகமாக இருக்கும் அந்தக் கணத்தைச் சரியாகக் குறிப்பதுதான் வேலை.

ஒன்பதே முக்காலுக்குக் கரண்ட் போனது. யூபிஎஸ் பேட்டரி பழசு, ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மறைப்பு தொடங்கியிருந்த நேரம் அது. கரண்ட் திரும்பி வந்தபோது மணி பத்தரை.

என் தாங்கிக்குத் தான் எந்தத் திசையில் நிற்கிறோம் என்ற நினைவு கிடையாது. கரண்ட் வந்ததும், துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்பதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் பிடியைத் தளர்த்தி, குழலைக் கையால் வடக்கே திருப்பி வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். அதை மறக்காமல் செய்தேன். மினி கணினியை எழுப்பினால், கடிகாரம் ஏதோ பழைய வருடத்தைக் காட்டியது. உள்ளே கடிகாரத்துக்கென்று இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோயிருக்கிறது. கொல்லையில் அன்று சிக்னலும் இல்லை, இணையத்தில் நேரத்தைச் சரிபார்க்க வழியில்லை. சரி என்று, கைபேசியைப் பார்த்துத் தேதியையும் 10:34 என்ற நேரத்தையும் தட்டினேன்.

தவறு அங்கேதான். அந்தக் கணினியை நான் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருப்பேன். அதில் நம் நேரத்தைப் போட்டதால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முந்திக்கொண்டது.

தாங்கியை ஓட்டும் ஈக்யூமாட் நிரலைத் திறந்து, முதலில் மகம் நட்சத்திரத்துக்குப் போகச் சொன்னேன். நம் பக்கத்தில் மகம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராகவே கடக்கும், அப்போதும் அங்கேதான் இருந்தது. குழல் எழுந்து, மேலே போகாமல் மேற்கே சாயத் தொடங்கியது.

"அண்ணா, அது எங்க போகுது? செவுத்துல இடிக்கப் போகுது!" என்று சித்தப்பா மகன் கத்தினான்.

ஓடிப்போய் நிறுத்தினேன். சுவருக்கு ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும். கடிகாரத்தை வைத்துத்தான் விண்மீன் எங்கே இருக்கும் என்று நிரல் கணக்கிடும். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. ஐந்தரை மணி நேரத்துக்கு 82½ பாகை. உச்சியில் இருந்த மகத்தை அது மேற்குத் தொடுவானத்தில் தேடப் போயிருக்கிறது.

நேரத்தைத் திருத்தி மறுபடி படமெடுத்தோம். மங்கல் அடிமட்டத்துக்குப் போய்த் திரும்பியதும் படத்தில் அழகாக வந்தது. ஆனால் கையால் தட்டிய கடிகாரம் எத்தனை நொடி பிசகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கணத்தை இதே விண்மீனைப் பார்க்கும் மற்றவர்களின் கணக்கோடு சேர்க்க மனம் ஒப்பவில்லை. அந்தப் படங்களை ஒதுக்கிவிட்டேன்.

அப்புறம் அணைப்பது. தூக்கக் கலக்கத்தில் செய்கிற வேலை என்பதால் இதற்குத்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பேன். முதலில் குழலை வடக்கே திருப்பி ஓய்வுநிலையில் வைப்பேன். நம் ஊரில் துருவ நட்சத்திரம் வெறும் 12½ பாகை உயரத்தில் இருப்பதால் குழல் நன்றாகத் தாழ்ந்து நிற்கும், கூரை தாராளமாக மேலே நகரும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே கூரையைத் தள்ள வேண்டும், திரையில் பார்த்தது போதாது. கேமரா சுழியத்துக்குக் கீழே 5 டிகிரியில் இருக்கும். அதைப் பத்து நிமிடம் மெல்லச் சூடேற விடுவேன். சட்டென்று நிறுத்தினால் உள்ளே ஈரம் படியலாம். அந்தப் பத்து நிமிடத்தில் படங்கள் வெளி வட்டுக்கு நகலாகிவிடும். பிறகு நிரல்களை மூடி, மினி கணினியை முறைப்படி அணைத்து, கடைசியில்தான் 12 வோல்ட் சுவிட்ச். கோடையில் இடி விழும் பகுதி என்பதால் பிளக்கையும் இரண்டு கணினிகளை இணைக்கும் வயரையும் பிடுங்கி வைத்துவிடுவேன்.

மறுநாள் பகலில் திருப்பத்தூர் போய்க் கடிகார பேட்டரியும் யூபிஎஸ் பேட்டரியும் வாங்கி மாட்டினேன். முன்பே வாங்கி வைத்துப் பிரிக்காமல் கிடந்த ஜிபிஎஸ் கருவியையும் செருகினேன். செயற்கைக்கோளிலிருந்து நேரம் வந்து சேரும்வரை வேறு எந்த நிரலையும் இப்போது திறப்பதில்லை.

எட்டு மணி நேரமும் சில நொடிகளும் கொண்ட சுற்று, மூன்று முறை சுற்றினால் ஒரு நாளுக்கு ஒரு நிமிடம்தான் கூடுகிறது. ஆகவே அந்த இரவும் ஏறக்குறைய அதே நேரத்தில் அதே மறைப்பு வந்தது. கரண்ட் போகவில்லை. தம்பி விழித்திருந்து, ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தான்.