முதல் விளையாட்டை உருவாக்கியவருக்கு எழுதிய பின்னூட்டம்

கல்லூரி மாணவர் ஒருவர், கணினி விளையாட்டுகளை உருவாக்க உதவும் ஆர்பிஜி மேக்கர் எம்வி மென்பொருளில் தனியாளாக உருவாக்கிய மாயாஜால விளையாட்டின் முதல் பகுதியை எனக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். "அருமை, வாழ்த்துகள்" என்று பதில் எழுதுவது எளிது. "சண்டைகள் சலிப்பூட்டுகின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் எளிது. இரண்டையும் வைத்துக்கொண்டு அவரால் எதையும் திருத்த முடியாது. எந்த இடத்தில், கையில் என்ன ஆயுதம் இருந்தபோது, என்ன நடந்தது என்று சொல்லும் பின்னூட்டம்தான் உருவாக்குபவருக்கு உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

அவருடைய விளையாட்டில் குகை வாயிலைக் காக்கும் கற்பூதம் ஒன்று வருகிறது. என் வீரனின் தாக்குதல் வலிமை 20. ஒவ்வொரு வெட்டும் ஏறத்தாழ 20 புள்ளிச் சேதத்தையே தந்ததால், பூதத்தை வீழ்த்த 12 வெட்டுகள் தேவைப்பட்டன, அதற்குள் மருந்துகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. முன்பு சேமித்துவைத்திருந்த சேவ் கோப்பிலிருந்து மீண்டும் தொடங்கி, அருவிக்குப் பின்னால் இருந்த பெட்டியில் வலிமையை 5 கூட்டும் வாளைக் கண்டெடுத்துச் சென்றபோது, அதே பூதம் ஆறே வெட்டுகளில் விழுந்தது. காரணம் அந்த மென்பொருளில் இயல்பாகவே அமைந்திருக்கும் கணக்கு: தாக்குபவரின் வலிமையை நான்கால் பெருக்கி, அதிலிருந்து எதிரியின் தற்காப்பை இரண்டால் பெருக்கிக் கழிக்கிறது. தற்காப்பு 30 என்றால், 80இலிருந்து 60 போக 20; வாளுடன் 100இலிருந்து 60 போக 40. கழித்தல் கணக்கு என்பதால், எதிரியின் தற்காப்பு ஏறஏற, ஆயுதத்தில் உள்ள சிறு வேறுபாடுகூடச் சண்டையைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது. பெட்டியைத் தவறவிட்டவருக்கும் கண்டவருக்கும் இரண்டு வேறு விளையாட்டுகள் கிடைக்கின்றன.

இதை எழுதிய நான், பூதத்தை எளிதாக்குங்கள் என்று எழுதவில்லை. வாளை வழியிலேயே வைப்பதா, அருவியைப் பற்றி ஊரில் யாரையாவது பேசவைப்பதா, கணக்கையே மாற்றுவதா என்பது அவர் முடிவு. ஆயத்தமின்றி வருபவர் திரும்பிப் போகவேண்டும் என்பதே அவர் நோக்கமாகவும் இருக்கலாம். அப்படியானால் அந்த நோக்கம் எனக்குப் புலப்படவில்லை என்பதே அவருக்குத் தேவையான செய்தி.

தொடக்கத்தில் அரசர் நாட்டின் முழு வரலாற்றையும், நான்கு வரி கொள்ளும் உரைப்பெட்டிகளில், பெட்டிபெட்டியாகச் சொல்லி முடிக்கும்வரை நாம் ஓர் அடிகூட நகர முடியாது. 1986இல் வெளிவந்த டிராகன் குவெஸ்ட் விளையாட்டும் அரசவையில்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே புதையல் பெட்டியைத் திறந்து சாவியை எடுத்து, கதவைத் திறந்து, படியிறங்கினால்தான் வெளியே போக முடியும் என்பதால், அரசவையிலேயே விளையாடக் கற்றுக்கொண்டுவிடுகிறோம். இதைக் குறிப்பிட்டு, அரசர் சொல்வதில் எவை முதல் ஒரு மணி நேரத்துக்குத் தேவை என்று மட்டும் கேட்டேன்.

மென்பொருளுடன் கிடைக்கும் ஆயத்தப் படங்களையே பயன்படுத்தியிருக்கிறார் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் படைப்பில் அவருடைய உழைப்பு கதைக்கும் சண்டைக்கும் போவதே நல்லது.

பாராட்டையும் அதே துல்லியத்தோடு எழுதவேண்டும். படகோட்டும் பெண்ணின் மகனுக்கு மருந்து கொடுத்தால், அதன்பின் அவள் நம்மிடம் கூலி கேட்பதில்லை. அதை அறிவிக்கும் செய்தி எதுவும் திரையில் வருவதில்லை, பணம் குறையவில்லை என்பதை நாமே கவனிக்கிறோம். மறுபதிப்பில் ஒரு விளக்கத்தைச் சேர்த்து இதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, இப்படியே விட்டுவிடுங்கள் என்று தனியாகக் குறிப்பிட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோளும் வைத்தேன். அடுத்த பதிப்பை, இதைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் திணறும்போதும் வழி சொல்லாமல் அருகில் அமர்ந்து, எங்கே தயங்கி நிற்கிறார், எந்த உரையாடலைப் படிக்காமல் தட்டிவிடுகிறார், எந்தச் சண்டைக்கு முன்னால் சேவ் செய்கிறார் என்பவற்றை நேரத்தோடு குறித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.