யங்கர் குடும்பத்து வரைபடம்: இதுவரை ஆன வேலை

அமெரிக்க எல்லைப்புறத்து ஆட்களின் வாழ்க்கையை சார்ட் பேப்பரில் வரைபடமாகப் போடுவது எனக்கு ஒரு கிறுக்கு. இந்த முறை எடுத்தது ஹென்றி வாஷிங்டன் யங்கர். பிள்ளைகள் கோல், ஜிம், ஜான், பாப் நால்வரும் கொள்ளையர்களாகப் பேர் வாங்கியதால் அப்பாவை யாரும் கண்டுகொள்வதில்லை.

அங்குலத்துக்கு 5 மைல் அளவு. நடுவில் மிசௌரியின் ஹாரிசன்வில், இடப்பக்கம் கான்சாஸ் எல்லை. அப்பாவின் தொழிலுக்குப் பச்சை நூல், பிள்ளைகளின் வழிக்குச் சிவப்பு.

பச்சைதான் நிறையச் செலவானது. ஜவுளிக்கடை, குதிரைகளை வாடகைக்கு விடும் லாயம், அரசாங்கத் தபால் குத்தகை, இரண்டு கவுண்டிகளில் (மாவட்டம் மாதிரி) நிலம் என்று மனிதர் எல்லாவற்றிலும் கை வைத்திருந்தார். அந்தச் சொத்தில் அடிமைகளின் உழைப்பும் உண்டு; அதையும் ஓரத்தில் எழுதினேன். 1859-ல் ஊர் மேயர். அடிமை வைத்திருந்தும், அடிமை முறைக்காகத் தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிவதை ஏற்காதவர். ஆனால் உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-ல், வடக்குத் தரப்பைச் சேர்ந்த கான்சாஸ்காரர்கள் புகுந்து அவருடைய வண்டி, குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். 1862 ஜூலையில், வெஸ்ட்போர்ட்டிலிருந்து வீடு திரும்பும் வழியில், அவர் ஆதரித்த வடக்குத் தரப்பின் மிலிஷியாவே (உள்ளூர்ப் படை) அவரைச் சுட்டுக் கொன்றது.

அப்பா செத்த கோபத்தில் மகன் துப்பாக்கி எடுத்தான் என்றுதான் கதை சொல்வார்கள். தேதிச் சீட்டுகளை வரிசையாக ஒட்டினால் அது பொருந்தவில்லை. நால்வரில் மூத்த கோல் அதற்கு முன்பே தெற்குத் தரப்புக்காகச் சண்டையிட்ட குவான்ட்ரிலின் கெரில்லாக் கூட்டத்துக்குப் போய்விட்டான். ஒரு நடன விருந்தில் மிலிஷியா கேப்டன் வாலியோடு வந்த தகராறுதான் தொடக்கம் என்பது அவன் தரப்பு. கொலை அவனைத் திரும்பி வரவிடாமல் செய்திருக்கும், அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

சிவப்பு நூல் ஒன்று 1874-ல் மிசௌரியின் ராஸ்கோவில் முடிகிறது: பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களுடன் நடந்த சண்டையில் ஜான் செத்த இடம். மற்ற மூன்றும் 1876 செப்டம்பர் 7-ல் அவர்கள் கொள்ளையடிக்கப் போன நார்த்ஃபீல்டு வங்கிக்குப் போகவேண்டும். அது மினசோட்டா, என் அளவுப்படி ஆறடிக்கு மேல் தள்ளி, பக்கத்து அறைக்குப் போய்விடும்! தனித் துண்டு வெட்டி மேலே ஒட்டிவிட்டேன்.

அடுத்து, எல்லைக் கவுண்டிகளின் கிராமத்து மக்களை வீடுகளிலிருந்து வெளியேற்றிய, வடக்குப் படையின் 1863-ன் உத்தரவு எண் 11. அந்தப் பகுதியைச் சாம்பல் நிறமாக்க வேண்டும். வாட்டர்கலர் பட்டால் சார்ட் சுருண்டுகொள்ளும். பென்சில் தூள் போதும்.